பங்கு வைத்தலும் கூறு கட்டுதலும்: வகுத்தல் வார்த்தைக் கணக்குகளைக் கற்பிப்பது குறித்து

தொடக்கப் பள்ளிக் கணிதத்தின் நான்கு அடிப்படைச் செயல்களில் குழந்தைகள் கடைசியாகக் கற்பதும், கற்ற பிறகும் நம்பிக்கையின்றிக் கையாள்வதும் வகுத்தலே. எண்களும் வகுத்தல் குறியும் மட்டும் தரப்பட்டால் பிழையின்றி விடை காணும் குழந்தைகூட, அதே எண்களைக் கொண்ட ஒரு நிகழ்ச்சி இரண்டு மூன்று வாக்கியங்களில் விவரிக்கப்பட்டு இறுதியில் ‘எத்தனை’ என்று கேட்கப்பட்டால், கூட்டுவதா, பெருக்குவதா, வகுப்பதா என்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. நிகழ்ச்சியை விவரித்து விடை கேட்கும் இவ்வகை வினாவை வகுப்பறைகளில் வார்த்தைக் கணக்கு என்றும் வாழ்க்கைக் கணக்கு என்றும் வழங்குகிறார்கள். அதில் குழந்தை செய்ய வேண்டிய வேலை மூன்று கட்டங்களைக் கொண்டது: சொல்லப்பட்ட நிகழ்ச்சியிலிருந்து ஒரு கணிதச் செயலைத் தேர்வது, அச்செயலைச் செய்து முடிப்பது, கிடைத்த எண்ணை மறுபடியும் நிகழ்ச்சிக்குள் கொண்டு சென்று அது எதைக் குறிக்கிறது என்று கூறுவது. பள்ளிகள் பெரும்பாலான நேரத்தை நடுக்கட்டத்துக்கே ஒதுக்கிவிட, முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் தாமாகவே வந்துவிடும் என்று விடப்படுகின்றன. கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவை தாமாக வருவதில்லை என்றே காட்டுகின்றன; வகுத்தலைப் பொறுத்தவரை, கற்பித்தலின் பெரும்பகுதி உழைப்பு அவ்விரு கட்டங்களிலேயே செலவிடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

நடுக்கட்டம் மட்டும் நன்றாக நடந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பிரதம் நிறுவனத்தின் முன்முயற்சியில் ஊரகக் குழந்தைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் அசர் அறிக்கையின்படி, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இந்திய அளவில் 2022இல் 25.6 விழுக்காட்டினர், 2024இல் அது 30.7 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் அந்தச் சோதனைத் தாளில் இருப்பது எண்களால் ஆன வெறும் கணக்கு மட்டுமே. எந்த நிகழ்ச்சியில் வகுக்க வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிகிறதா என்பதை அது அளப்பதில்லை. அதற்காக வகுக்கப்பட்டதும் அன்று. ஆகவே அந்த விழுக்காடுகளை மட்டும் பார்த்து, நெடுவகுத்தலின் படிகளை இன்னும் கடுமையாகப் பயிற்றுவித்தால் போதும் என்று முடிவு கட்டுவது, நோயின் ஓர் அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதாகிவிடும்.

சிக்கலின் வேர் வகுத்தல் என்ற ஒரே பெயருக்குள் இரு வேறு செயல்கள் அடங்கியிருப்பதில் உள்ளது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் சந்தையில் கிடைக்கும் மட்டிப் பழத்தையே எடுத்துக்கொள்ளலாம். 24 மட்டிப் பழங்களை 6 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒரு வினா. 24 மட்டிப் பழங்களை ஆறாறாகக் கூறு கட்டினால் எத்தனைக் கூறு என்பது இன்னொரு வினா. தாளில் இரண்டும் 24 ÷ 6 = 4 என்றே எழுதப்படும். ஆனால் முதல் வினாவில் எத்தனைப் பங்கு என்பது தெரியும், ஒரு பங்கின் அளவு தெரியாது. இரண்டாவதில் ஒரு கூறின் அளவு தெரியும், கூறுகளின் எண்ணிக்கை தெரியாது. முதலாவதைப் பங்கு வைத்தல் என்றும் இரண்டாவதைக் கூறு கட்டுதல் என்றும் இங்கே குறிக்கலாம். கணிதக் கல்வி ஆய்வாளர்கள் உலகெங்கும் இவ்விரண்டையும் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்தே ஆராய்கிறார்கள். பள்ளியில் பெரும்பாலும் பங்கு வைத்தலைக் காட்டி வகுத்தலை அறிமுகம் செய்துவிட்டு, கணக்குகளில் இரண்டையும் கலந்து கொடுத்துவிடுகிறார்கள்; நான் எதைப் பங்கிடுகிறேன், யாருக்குப் பங்கிடுகிறேன் என்று தேடும் குழந்தைக்கு, கூறு கட்டும் கணக்கில் ஆளே இல்லாமல் போய்விடுகிறது.

இந்தச் செயல்கள் கையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் புளியங்கொட்டைகளை வைத்துச் செய்ய விட்டால் தெரிந்துகொள்ளலாம். பங்கு வைக்கும் குழந்தை ஆறு இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு இன்னொன்று என்று சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டே போய், கையிருப்புத் தீர்ந்ததும் ஏதேனும் ஒரு குவியலை எண்ணி நான்கு என்கிறது. கூறு கட்டும் குழந்தை ஆறு கொட்டைகளை எண்ணி ஒதுக்குகிறது, மறுபடி ஆறு ஒதுக்குகிறது, முடிந்ததும் குவியல்களை எண்ணி நான்கு என்கிறது. ஒரு குழந்தை குவியலுக்குள் இருப்பதை எண்ணுகிறது, மற்றது குவியல்களை எண்ணுகிறது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து முடிவது பெரியவர்களுக்குப் பழக்கத்தால் இயல்பாகத் தோன்றினாலும், குழந்தைக்கு அது விளக்கம் வேண்டும் வியப்பு. அந்த விளக்கம் செயலுக்குள்ளேயே இருக்கிறது: ஆறு பேருக்கும் ஒவ்வொன்று கொடுக்கும் ஒரு சுற்றுக்கு ஆறு பழங்கள் செலவாகின்றன, எனவே எத்தனைச் சுற்று கொடுக்க முடியும் என்று கேட்பது, 24இல் எத்தனை ஆறுகள் உள்ளன என்று கேட்பதே ஆகும். சுற்றுகளின் எண்ணிக்கைதான் ஒவ்வொருவரின் பங்கு. இந்த இணைப்பைக் குழந்தை தன் வாயால் சொல்லும் நாள், வகுத்தல் கற்பித்தலில் மற்ற எந்த நாளைவிடவும் முக்கியமானது. அதற்கு ஒரு பாடவேளை முழுவதும் செலவானாலும் தகும்.

குழந்தையின் மனத்தில் எது முதலில் வேர் கொள்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இஸ்ரேலிய உளவியலாளர் எஃப்ரயிம் ஃபிஷ்பைன் தம் இத்தாலியத் துணையாளர்களுடன் 1985இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பெருக்கல், வகுத்தல் வார்த்தைக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தது. மாணவர்கள் அறியாமலேயே வகுத்தலுக்கு ஒரு மூல உருவத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும், பங்கு வைத்தல் என்ற அந்த உருவத்தின்படி பெரிய எண்ணைச் சிறிய எண்ணால்தான் வகுக்க வேண்டும், வகுக்கும் எண் முழு எண்ணாகவே இருக்க வேண்டும், விடை எப்போதும் சிறுத்தே வர வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் அவர்களை ஆள்கின்றன என்றும் அவர்கள் கண்டனர். 15 நண்பர்கள் சேர்ந்து 5 கிலோ பிஸ்கட் வாங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்ற வினாவுக்குப் பலர் 15ஐ 5ஆல் வகுத்தது இதனால்தான். கூறு கட்டுதல் என்ற உருவம் பள்ளிப் பயிற்சியால் பின்னரே வருகிறது என்பது ஃபிஷ்பைனின் கருத்து.

அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த தாமஸ் கார்பென்டரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்டது இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. பள்ளியில் வகுத்தல் என்ற பெயரையே கேட்டிராத மழலை வகுப்புக் குழந்தைகள் 70 பேருக்கு, பங்கு வைத்தல், கூறு கட்டுதல், மீதி வரும் வகுத்தல் உள்ளிட்ட ஒன்பது வார்த்தைக் கணக்குகளை வாய்மொழியாகச் சொல்லி, கையில் எண்ணும் பொருள்களைக் கொடுத்தனர். 32 குழந்தைகள் ஒன்பது கணக்குகளுக்கும் பொருத்தமான வழியைக் கையாண்டனர். 44 பேர் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட கணக்குகளுக்குச் சரியான விடை சொன்னார்கள். கணக்கில் சொன்ன நிகழ்ச்சியை அப்படியே பொருள்களால் நடித்துக் காட்டியதே அவர்களின் வழி. அந்தக் குழந்தைகள் கூறு கட்டுதலையும் தடையின்றிச் செய்தார்கள் என்பது கவனத்துக்குரியது. இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து வயதில் இருந்த ஒரு திறன் பதினொரு வயதில் குறுகிப்போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டியுள்ளது. நிகழ்ச்சியைப் பார்க்கும் பழக்கத்தை விட்டு எண்களை மட்டும் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளி கற்றுக்கொடுத்துவிட்டது என்பதே அதற்கு மிகவும் பொருந்தும் விளக்கம்.

இங்கே தமிழ் மொழி கற்பித்தலுக்குத் தரும் உதவி தனியே குறிப்பிடத்தக்கது. பங்கு வைத்தலைத் தமிழ் நான்காம் வேற்றுமையால் சொல்கிறது: ஆறு பேருக்கு, ஆளுக்கு. கூறு கட்டுதலை எண்ணை இரட்டித்து ‘ஆக’ சேர்த்துச் சொல்கிறது: ஆறாறாக, பத்துப் பத்தாக. பேச்சில் இந்த வேறுபாட்டைச் சிறு குழந்தைகளும் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிப் பேச்சில் ‘ஆளுக்கு நாலெண்ணம்’ என்றும் ‘நாலு வீதம்’ என்றும் சர்வ சாதாரணமாக வழங்குவதும் இதைச் சார்ந்ததே. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்த, அப்பகுதியைச் சேர்ந்த விளவங்கோடு வட்டத்தில், வீட்டில் மலையாளமோ இரு மொழியும் கலந்த பேச்சோ வழங்கும் குடும்பங்கள் இன்றும் கணிசம். ‘வீதம்’ என்ற சொல் இரு மொழியிலும் ஒரே பொருளில் வழங்குவது அக்குழந்தைகளுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. இதற்கு மாறாகக் கணக்குகளில் அடிக்கடி இடம்பெறும் ‘தலா’ என்ற சொல் பல வீடுகளில் புழக்கத்தில் இல்லாதது. ‘ஆளுக்கு நாலெண்ணம்’ என்பதிலிருந்து தொடங்கி, ‘நாலு வீதம்’ வழியாக, ‘தலா நான்கு’ என்பதற்குப் படிப்படியாகச் செல்லும் ஆசிரியர், மொழிப் பாடத்தையும் கணிதப் பாடத்தையும் ஒருசேர நடத்துகிறார்.

அதே வேளையில், சொற்களைக் கொண்டு செயலைத் தீர்மானிக்கும் குறுக்குவழி பெருந்தீங்கானது என்பதையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘ஒவ்வொரு’ என்று வந்தால் வகு என்று சுவரில் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அதன்படி நடக்கும் குழந்தை, ‘ஒவ்வொரு கூடையிலும் 8 முட்டைகள், 6 கூடைகளில் எத்தனை?’ என்ற கணக்கில் 8ஐ 6ஆல் வகுக்க முற்படும், ‘ஆளுக்கு 5 பழம் கொடுத்தபின் மீதி 3, ஆள்கள் 7 பேர், முதலில் இருந்த பழங்கள் எத்தனை?’ என்றால் ‘மீதி’யைக் கண்டு கழிக்கும். மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர், கிறிஸ்டபர் மோங்க் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, கணக்கைப் படிக்கும்போது கண்கள் எங்கே செல்கின்றன என்பதைக் கருவியால் பதிவு செய்து, தவறு செய்பவர்கள் எண்களிலும் ‘அதிகம்’, ‘குறைவு’ போன்ற சொற்களிலும் மீண்டும் மீண்டும் பார்வையைப் பதித்தபோது, சரியாகச் செய்பவர்கள் பொருள்களின் பெயர்களையும் சேர்த்துப் பார்த்து நிகழ்ச்சியை மனத்தில் உருவாக்கிக்கொண்டதைக் காட்டியது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தின் முதல் மாவட்டமாக நின்ற குமரி மாவட்டத்திலும், எழுத்துக் கூட்டிப் படிப்பது வேறு, படித்ததிலிருந்து ஒரு காட்சியை எழுப்புவது வேறு என்ற உண்மை மாறுவதற்கில்லை.

குறிச்சொல்லைத் தேடும் பழக்கம் முற்றிப்போனால் என்னவாகும் என்பதைக் காட்டும் சோதனை பிரான்சில் நடந்தது. கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வு நிறுவனத்தார் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடக்க வகுப்புக் குழந்தைகளிடம், ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று கேட்டனர். கேட்கப்பட்ட 97 பேரில் 76 பேர் கொடுக்கப்பட்ட எண்களை ஏதோ ஒரு வகையில் சேர்த்து விடை எழுதினர். ஸ்டெல்லா பாருக் 1985இல் இந்தக் கப்பல் தலைவரின் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அக்குழந்தைகளை மந்த புத்தியினர் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளியில் கேட்கப்படும் ஒவ்வொரு கணக்குக்கும் விடை உண்டு, அது கொடுத்த எண்களிலிருந்தே வரும் என்று பல நூறு கணக்குகள் வழியாக அவர்களுக்கு உணர்த்தப்பட்டிருந்தது. அவர்கள் அதை உண்மையாகக் கடைப்பிடித்தார்கள். பிரெஞ்சு அறிஞர் கி புருசோ இத்தகைய எழுதப்படாத புரிந்துணர்வைக் கற்பித்தல் உடன்படிக்கை என்று அழைத்தார். விடையே காண முடியாத கணக்கொன்றை அவ்வப்போது கலந்து வைத்து, ‘இதற்கு விடை சொல்ல இயலாது, ஏனெனில்…’ என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியர் அந்த உடன்படிக்கையை மாற்றி எழுதுகிறார்.

மூன்றாம் கட்டமான, விடையை நிகழ்ச்சிக்குள் திரும்பக் கொண்டு செல்வதில் வகுத்தலுக்கே உரிய இடர் ஒன்று உண்டு, அதுதான் மீதி. வகுபடும் எண், வகுக்கும் எண், பங்கைக் குறிக்கும் ஈவு என்ற மூன்றோடு எஞ்சி நிற்கும் இந்த நான்காம் எண்ணை என்ன செய்வது என்பதை எந்த வாய்பாடும் சொல்லித்தராது. அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயதினரிடம் கேட்கப்பட்டு 1983இல் முடிவு வெளியான ஒரு வினா இதற்குச் சான்றாக இன்றளவும் காட்டப்படுகிறது. ஒரு பேருந்தில் 36 படைவீரர்கள் செல்லலாம். 1,128 வீரர்களைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல எத்தனைப் பேருந்துகள் வேண்டும்? ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைப் பிழையின்றிச் செய்தனர். ஆனால் 29 விழுக்காட்டினர் ‘31, மீதி 12’ பேருந்துகள் என்று எழுதினர். 18 விழுக்காட்டினர் 31 என்று எழுதி 12 வீரர்களைச் சாலையில் நிறுத்திவிட்டனர். 32 என்று எழுதியவர்கள் 23 விழுக்காட்டினரே. வகுக்கத் தெரிந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் மூன்றாம் கட்டத்தில் தவறினார்கள் என்பதே இதன் பொருள்.

மீதியின் நான்கு விதமான கதிகளையும் ஒரே வகுத்தலைக் கொண்டு காட்டலாம். 50ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. ஐம்பது ஏத்தன் பழங்களைப் பொதிக்கு எட்டு வீதம் கட்டினால் எத்தனை முழுப் பொதிகள் என்று கேட்டால் விடை 6; மீதி விடப்படுகிறது. ஐம்பது குழந்தைகள் வண்டிக்கு எட்டுப் பேர் வீதம் செல்ல எத்தனை வண்டிகள் என்றால் விடை 7. மீதி ஈவைக் கூட்டிவிடுகிறது. ஐம்பது மீட்டர் கயிற்றை எட்டுச் சம துண்டுகளாக்கினால் ஒரு துண்டு ஆறேகால் மீட்டர். இங்கே மீதியும் பங்கிடப்படுகிறது. ஐம்பது பழங்களை எட்டுப் பேருக்குச் சமமாகக் கொடுத்தபின் கூடையில் எத்தனை என்றால் விடை 2, மீதியே விடையாகிறது. நான்கு கணக்குகளையும் ஒரே நாளில், ஒரே கரும்பலகையில் எழுதி, வகுத்தலை ஒரே ஒரு முறை மட்டும் செய்து, விடைகள் ஏன் மாறுகின்றன என்று வகுப்பைப் பேச வைப்பது, வெவ்வேறு எண்களுடன் நாற்பது கணக்குகள் செய்விப்பதைவிடப் பயனுடையது. பெல்ஜிய அறிஞர் லீவன் வெர்ஸ்காஃபெலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் செய்த ஆய்வுகள், நடைமுறையை எண்ணிப் பார்த்து விடை சொல்லும்படி மேலோட்டமாக எச்சரிப்பதால் பெரிய மாற்றம் வருவதில்லை என்றும், இத்தகைய கணக்குகளைப் பற்றித் தொடர்ந்து கலந்துரையாடும் வகுப்புகளில்தான் குழந்தைகள் மாறுகிறார்கள் என்றும் காட்டியுள்ளன.

தமிழகத்தின் பழைய கணக்குக் கல்வி இந்தக் கட்டங்களை எப்படிக் கையாண்டது என்பதும் ஆராயத்தக்கது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி எனப்படும் வாய்பாட்டுச் சுவடியே அடித்தளம்; முழு எண்களின் பெருக்கல் மட்டுமன்றி, முக்கால், அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று 320இல் ஒரு பங்கு வரை இறங்கும் பின்னங்களின் பெருக்கலையும் மாணவர்கள் வாயால் ஒப்பித்து மனத்தில் நிறுத்தினர். ஆய்வாளர் செந்தில் பாபு இக்கல்விமுறையை விரிவாக ஆராய்ந்து, அங்கே நினைவாற்றல் என்பது பொருளறியா ஒப்பித்தலாக இராமல், நெல், பொன், நிலம் ஆகியவற்றின் அளவைகளோடு பிணைந்த ஒரு வேலைத்திறனாகவே இருந்தது என்று எழுதியுள்ளார். காரி நாயனாரின் கணக்கதிகாரம் வெண்பாக்களில் கணக்குகளைச் சொல்லும் நூல். பலாப்பழத்தை வெட்டாமலேயே சுளையை அறிய, காம்பருகே உள்ள சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்ற அதன் விதி இன்றும் பலர் அறிந்தது. முள் நூறு என்றால் சுளை 120. குமரி மாவட்டத்தில் ஆண்டுதோறும் பலா காய்த்துக் குலுங்கும் பருவத்தில் இந்த விதியை நம்பச் சொல்லாமல், பழத்தை வெட்டி எண்ணிச் சரிபார்க்கச் சொல்வதே நல்ல கணக்குப் பாடம். விதி தந்த எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குழந்தை தானே அளக்கும். ஆயினும் பழைய முறையைப் புகழ்ந்து அதற்கே திரும்பலாம் என்பது பொருந்தாது. அந்தக் கல்வி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் எட்டாததாக இருந்தது. ஊரில் நிகழும் கொடுக்கல் வாங்கலுக்கே அது குழந்தையைத் தயார்ப்படுத்தியது. நிகழ்ச்சியும் எண்ணும் பிரியாமல் இருந்தன என்பதே அதிலிருந்து இன்று எடுத்துக்கொள்ளக் கூடிய பகுதி.

நிகழ்ச்சியோடு ஒட்டிய கணக்கு தானாகவே பள்ளிக் கணக்காக மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் காய்கனியும் விற்ற ஐந்து சிறுவர்களைத் தெரசின்யா நூனெஸ், டேவிட் கேரஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டது முன்னோடியான ஆய்வு. தெருவில் வாங்குபவராக நின்று கேட்டபோது அவர்கள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வார்த்தைக் கணக்காகக் கொடுத்தபோது 74 விழுக்காடு. குறிகளோடு வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடு மட்டுமே. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் வெளியிட்ட ஆய்வு இதை இந்தியாவில் மிகப் பெரிய அளவில் செய்தது. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 குழந்தைகள் சிக்கலான விற்பனைக் கணக்குகளை மனத்தாலேயே செய்தபோதும் பாடநூல் வடிவிலான எளிய கணக்குகளில் தடுமாறினர். விற்பனை அனுபவம் இல்லாத 471 பள்ளி மாணவர்கள் பாடநூல் கணக்கைச் செய்தபோதும் சந்தைக் கணக்கில் மிகவும் பின்தங்கினர். இரு கரையிலும் ஆற்றல் இருக்கிறது, இடையில் பாலம் இல்லை. ஆசிரியரின் இடம் அந்த நடுப்பகுதியில்தான்.

மார்த்தாண்டத்தில் அப்பாலத்துக்கான பொருள்கள் ஏராளம். இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் இங்கே தொடங்கிய ஊரக மறுசீரமைப்புப் பணி, கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, முட்டை விற்பனைக் கூட்டுறவு என்று சிறு உற்பத்தியை எண்ணி, அளந்து, பங்கிட்டு விற்கும் முறையை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. தேன் இன்றும் இவ்வூரின் பெயரோடு சேர்ந்தே அறியப்படுகிறது. 30 முட்டை பிடிக்கும் அட்டையில் 200 முட்டைகளை அடுக்கினால் எத்தனை அட்டை நிறையும், எத்தனை அட்டை வேண்டும், கடைசி அட்டையில் எத்தனைக் குழி காலியாக இருக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் முறையே 6, 7, 10 என்ற வெவ்வேறு விடைகள் வருவது, கூறு கட்டுதலையும் மீதியையும் ஒரே காட்சியில் வைக்கிறது. கடையிலிருந்து வெற்று அட்டைகளை வகுப்புக்குக் கொண்டுவருவது கடினமான செயலன்று.

தேனோ இன்னும் ஆழமான இடத்துக்கு இட்டுச் செல்கிறது. ஒன்றேமுக்கால் லிட்டர் தேனை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனைப் பாட்டில்? இந்த வகுத்தலைப் பங்கு வைத்தலாகச் சொல்ல முயன்றால் நாக்கு தடுமாறும், ஏனெனில் ‘அரை ஆளுக்கு’ எவரும் பங்கு வைப்பதில்லை. கூறு கட்டுதலாகப் பார்த்தால் மூன்று பாட்டில்கள் நிறைந்து, கால் லிட்டர் எஞ்சி, அது நான்காம் பாட்டிலில் பாதியளவு நிற்கும், விடை மூன்றரை. எஞ்சியது கால் லிட்டராயிருக்க, விடையில் ‘அரை’ எப்படி வந்தது என்று குழந்தை கேட்கும், கேட்க வேண்டும். கால் என்பது லிட்டரின் கால், அரை என்பது பாட்டிலின் அரை என்று எதனால் அளக்கிறோம் என்பதைப் பிரித்துக் காட்டும்போது, பின்ன வகுத்தலின் முழுப் பொருளும் அந்த ஒரு பாட்டிலில் தெரிந்துவிடும். ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கும் இதே கணக்கைக் கணிதக் கல்வி ஆய்வாளர் லி பிங் மா 1999இல் வெளியான நூலில் ஆசிரியர்களிடமே கேட்டு, அதற்குப் பொருத்தமான கதையொன்று சொல்லச் சொன்னார். சீனாவின் 72 ஆசிரியர்களில் 65 பேர் சொன்னார்கள். அமெரிக்காவின் 23 ஆசிரியர்களில் ஒருவர் மட்டுமே ஓரளவு சொன்னார். ‘திருப்பிப் போட்டுப் பெருக்கு’ என்ற விதி தெரிந்திருப்பதும், அவ்விதி எந்த நிகழ்ச்சிக்கு உரியது என்று தெரிந்திருப்பதும் ஆசிரியரிடத்திலேயே பிரிந்து கிடக்கலாம் என்பதால், ஆசிரியர் பயிற்சியில் கதை சொல்லும் இப்பயிற்சி கட்டாய இடம் பெற வேண்டும்.

நடுக்கட்டமான கணக்கிடும் முறை பற்றியும் ஒரு சொல். நெடுவகுத்தலின் படிகளுக்குப் பதிலாக, வசதியான துண்டுகளாகக் கொடுத்துக்கொண்டே வரும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள்: 432 தேங்காய்களை 12 சாக்குகளில் சமமாகப் போட, முதலில் சாக்குக்கு 30 வீதம் 360 போனால் எஞ்சுவது 72, பின் சாக்குக்கு 6 வீதம் போட்டால் தீர்ந்தது, ஆக 36. பங்கு வைக்கும் காட்சி இதில் அழியாமல் இருப்பது பெருஞ்சிறப்பு. நெதர்லாந்து இத்திசையில் நெடுந்தூரம் சென்றது. ஆனால் அந்நாட்டின் தேசிய மதிப்பீடுகளில் 1997க்கும் 2004க்கும் இடையே பெரிய எண்களின் வகுத்தலில் தேர்ச்சி சரிந்தது. மாணவர்கள் பழைய முறையை விட்டதோடு நில்லாமல் தாளில் எழுதுவதையே விட்டு மனத்தால் முயன்றதும் அதற்கு ஒரு காரணம் என்று அந்நாட்டு ஆய்வாளர்களே கண்டனர். ஆகவே துண்டு முறையோ நெடுவகுத்தலோ எதுவாயினும், ஒவ்வொரு படியையும் எழுதிச் செய்யும் ஒழுங்கைக் கைவிடலாகாது. சிங்கப்பூரில் கோ டெக் ஹோங் குழுவினர் 1980களில் பரப்பிய பட்டை வரைதல், தெரிந்த அளவையும் தெரியாத அளவையும் நீள்சதுரங்களாக வரைந்து காட்டும் முறை. பங்கு வைத்தலில் பட்டையை ஆறாக வெட்டுவதும், கூறு கட்டுதலில் ஆறு நீளமுள்ள துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவதும் கண்ணுக்கு வேறாகத் தெரிவதால், முதல் கட்டத்துக்கு இது நல்ல துணை.

தமிழகப் பள்ளிகள் புதிய முறைகளுக்கு அந்நியமானவை அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பொருள்களைக் கையாளச் செய்து கற்பிக்கிறது. நாட்டளவில், 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக ஆர். ராமானுஜம் தலைமையிலான கணிதக் குழு, கணக்குச் செய்யும் திறனைவிடக் கணித முறையில் சிந்திக்கும் ஆற்றலே பள்ளியின் உயர்ந்த நோக்கம் என்று தெளிவாகவே எழுதியது. இவ்வளவு இருந்தும் வகுப்பறையை இறுதியில் ஆள்வது வினாத்தாளே. வினாத்தாளில் வகுத்தல் பாடத்தின் கீழ் வரும் வார்த்தைக் கணக்குகள் அனைத்தும் வகுத்தலாகவே இருந்தால், படிக்காமலேயே பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து முழு மதிப்பெண் பெறலாம். பெருக்கலும் கழித்தலும் வகுத்தலும் கலந்து வரும் தாள், கணக்கிடாமல் என்ன செயல் என்றும் ஏன் என்றும் மட்டும் கேட்கும் வினா, 50 ÷ 8 என்பதற்கு விடை 7 ஆகும்படி ஒரு கதையும் 2 ஆகும்படி இன்னொரு கதையும் எழுதச் சொல்லும் வினா ஆகியவை ஐந்தாம் வகுப்புத் தாளில் இடம்பெற்றாக வேண்டும். மதிப்பெண் வழங்குவதிலும், செயலைத் தேர்ந்ததற்கு ஒன்று, வகுத்ததற்கு ஒன்று, ‘7 அட்டைகள் வேண்டும், கடைசி அட்டையில் 10 குழிகள் காலி’ என்று விடையை வாக்கியமாக எழுதியதற்கு ஒன்று என்று பிரித்தளித்தால், ‘6, மீதி 20’ என்று எழுதி நிறுத்திய குழந்தைக்கு எந்தக் கட்டத்தில் உதவி வேண்டும் என்பது விடைத்தாளைத் திருத்தும்போதே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.